அணுக்கருவின் கூடுகளும் தரமணிக் கணக்கும்

அசோக் நகர்த் தூணை நடுவில் வைத்துப் பத்து கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், அணுக்கரு இயற்பியலின் மூன்று முகவரிகள் அதற்குள் விழும்: மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையின் ‘ஏகாம்ர நிவாஸ்’, கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். அணுக்கருவின் கூடு மாதிரியைப் பற்றிய வரலாறுகளில் இந்த வட்டாரம் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆனால் அந்த மாதிரியின் கணிதத்துக்கு இங்கிருந்து போனது சிறிய பங்கல்ல.

அணுவில் எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்காக நிரம்புவது பள்ளிப் பாடம். கருவுக்குள் அப்படி அடுக்குகள், அதாவது கூடுகள், இருக்க நியாயமே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். அங்கே நடுவில் நின்று இழுக்கும் ஒன்று கிடையாது. புரோட்டான்களும் நியூட்ரான்களும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஆனாலும் 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் அவை சேரும்போது கரு தனி உறுதி பெறுகிறது. 50 புரோட்டான் கொண்ட வெள்ளீயத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் பத்து. 82 புரோட்டானும் 126 நியூட்ரானும் சேர்ந்த ஈயம்-208 இரண்டு வகையிலும் நிறைந்த கரு. இவற்றுக்கு ‘மாய எண்கள்’ என்று பெயர் வந்தது, விளக்கம் கிடைக்காத காலத்தில்.

எளிய கணக்குப் போட்டால் 2, 8, 20, 40, 70, 112 என்றுதான் வரும். முதல் மூன்று பொருந்தும், பிறகு தடம் மாறும். 1949-இல் மரியா கோப்பெர்ட் மேயரும், தனியே ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சன் குழுவினரும் விடையைக் கண்டார்கள். தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் இணைப்பு உண்டா என்று என்ரிகோ ஃபெர்மி கேட்ட ஒரு கேள்விதான் மேயருக்கு வழி திறந்தது. கோயில் பிராகாரத்தை வலம் வருகிறவர் ஆத்மப் பிரதட்சிணமும் சேர்த்துச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றும் ஒரே திசையில் இருந்தால் ஒரு ஆற்றல், எதிரெதிராக இருந்தால் வேறு ஆற்றல். கருவில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. அதனால் மேலடுக்கிலிருந்து ஒரு பாதை பிரிந்து கீழே இறங்குகிறது. இருபதோடு எட்டு இடம் சேர்ந்து 28. நாற்பதோடு பத்து சேர்ந்து 50. எழுபதோடு பன்னிரண்டு, 82. நூற்றுப் பன்னிரண்டோடு பதினான்கு, 126. இவ்வளவு அழகாகக் கணக்குத் தீர்ந்த இடங்கள் இயற்பியலில் குறைவு. இருவரும் 1963-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இந்த விடை இத்தனை தாமதமானதற்கு ஒரு காரணம் நீல்ஸ் போர். உட்புகும் துகளின் ஆற்றல் எல்லாத் துகள்களுக்கும் பங்காகிவிடும், கரு ஒரு கூட்டுடலாகவே இயங்கும் என்று 1936-இல் அவர் சொன்னார். அந்த வாக்கின் கனத்தில் தனித்தனிப் பாதைகள் என்ற எண்ணம் பத்தாண்டுக்கு மேல் ஓரங்கட்டப்பட்டுக் கிடந்தது. அதே போர் 1960 ஜனவரியில் சென்னை வந்தபோது ஏகாம்ர நிவாஸ் என்ற தம் வீட்டில் இயற்பியலர் அல்லாடி ராமகிருஷ்ணன் நடத்திய கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைக் கண்டு வியந்து பாராட்டினார். அந்தப் பாராட்டு பிரதமர் நேருவின் காதுவரை போனது. அதன் தொடர்ச்சியாக 1962 ஜனவரி 3-ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனத்தை வானியற்பியலர் எஸ். சந்திரசேகர் தொடங்கிவைத்தார்.

கூடு மாதிரியின் உண்மையான உழைப்பு மாய எண்களைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. நிறைந்த கூட்டுக்கு வெளியே இரண்டு, மூன்று துகள்கள் இருந்தால் அவற்றின் கோண உந்தங்களை எந்த வரிசையில் கூட்டுவது? வரிசை மாறினால் கணக்கை எப்படி மாற்றி எழுதுவது? இதற்குத்தான் 3-ஜே, 6-ஜே கெழுக்கள். இவற்றின் வலிமைக்கு நம் நாட்டவர் ஒருவரின் பணியே சான்று. பின்னாளில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரான எஸ். பி. பாண்டியா 1956-இல் ஒரு தேற்றம் தந்தார். குளோரின்-38-இல் கூட்டுக்கு வெளியே ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான்; பொட்டாசியம்-40-இல் புரோட்டானுக்குப் பதில் ஒரு காலியிடம். ஒன்றின் ஆற்றல் மட்டங்களிலிருந்து மற்றொன்றின் மட்டங்களை 6-ஜே கெழுக்கள் வழியே கணக்கிடலாம் என்றார். அந்த வரிசையில் கோண உந்தம் 4 உள்ள மட்டம் குளோரினில் உச்சியிலும் பொட்டாசியத்தில் அடியிலும் இருக்கிறது. தேற்றம் அந்தத் தலைகீழ் மாற்றத்தை அப்படியே சொல்லிவிடுகிறது.

தரமணியில் கே. ஸ்ரீநிவாச ராவும் உடன் உழைத்தவர்களும் இந்தக் கெழுக்களின் உள்ளமைப்பையே ஆராய்ந்தார்கள். 3-ஜே கெழுவுக்கு 72 சமச்சீர்கள், 6-ஜேக்கு 144 என்று 1950-களின் இறுதியில் துலியோ ரெஜ்ஜே காட்டியிருந்தார். எதனால் அத்தனை? 3-ஜே கெழுவை ஆறு ஹைப்பர்ஜியோமெட்ரிக் தொடர்களின் தொகுப்பாகவும், 6-ஜேயை மூன்று தொடர்களின் தொகுப்பாகவோ நான்கின் தொகுப்பாகவோ எழுதினால் எல்லாச் சமச்சீர்களும் வந்துவிடுகின்றன என்று அவர்கள் நிறுவினார்கள். மூன்றில் ஒவ்வொன்றும் 48 சமச்சீர்களைத் தாங்கும், நான்கில் ஒவ்வொன்றும் 36-ஐ. எப்படிப் பெருக்கினாலும் 144. இதே தொடர்களில் ராமானுஜன் ஆழ்ந்திருந்தவர். ஸ்ரீநிவாச ராவ் பின்பு ராமானுஜனைப் பற்றி நூல் எழுதியதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. இந்தத் தொடர்களைக் கொண்டு கெழுக்களைக் கணிக்கும் ஃபோர்ட்ரான் நிரல்களும் 1978-இல் வெளிவந்தன. கிண்டியில் அணுக்கரு இயற்பியல் துறையை வளர்த்த வே. தேவநாதன் கோண உந்த உத்திகளைப் பற்றி எழுதிய பாடநூல் 1999-இல் வந்தது. இதையும் அதே மரபில்தான் வைக்க வேண்டும்.

கணினி வந்த பிறகு இந்த இயற்கணிதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. சிலிக்கான்-28-க்கு 93,710 நிலைகள் கொண்ட அணி போதும். நிக்கல்-56-க்கு நூறு கோடியைத் தாண்டுகிறது. இத்தனை பெரிய அணிகளைத் தீர்க்கும் நிரல்களில் பல, கோண உந்தத்தை முன்கூட்டியே இணைக்காமல் லாங்சோஸ் முறையில் நேரடியாக இறங்குகின்றன. ஆனால் துகள்களுக்கிடையிலான விசையின் மதிப்புகளைத் தயாரிக்கும்போதும், கிடைத்த விடையைக் காமாக் கதிர் அளவீட்டோடு ஒப்பிடும்போதும் 6-ஜே இல்லாமல் நகர முடியாது.

மாய எண்களே இன்று கேள்விக்குள்ளாகியிருக்கின்றன. 1975-இல் செர்ன் ஆய்வகத்தில் நியூட்ரான் மிகுந்த சோடியம் கருக்களின் நிறையை அளந்தபோது 20 தன் மாயத்தை இழப்பது தெரிந்தது. ஆக்சிஜன்-24-இல் 16 நியூட்ரான் புதிய மாய எண்ணாக நிற்கிறது. 8 புரோட்டானும் 20 நியூட்ரானும் கொண்ட ஆக்சிஜன்-28 பழைய கணக்குப்படி உறுதியாக இருந்திருக்க வேண்டும். 2023-இல் ஜப்பானில் அது பிடிபட்டபோது, நொடியில் நான்கு நியூட்ரான்களை உதறிவிட்டு ஆக்சிஜன்-24 ஆகிவிட்டது.