நாழிக்கு வாய் உண்டு

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மூதுரை நடத்தும்போது ஒரு தவறு செய்தேன். ‘நாழி’ பிள்ளைகளுக்குப் புரியாதென்று நினைத்து ‘லிட்டர்’ என்று சொல்லிவிட்டேன். கடலில் எவ்வளவு ஆழமாக அமுக்கி மொண்டாலும் ஒரு லிட்டர் நாலு லிட்டரை மொள்ளாது என்று பொருள் சொன்னதும் ஒரு சிறுமி கேட்டாள்: “லிட்டரால எப்படி மொள்ளுறது?”

பாட்டு அங்கேயே உடைந்துபோயிற்று. நாழி என்பது அளவுக்கும் பெயர், அளக்கும் பாத்திரத்துக்கும் பெயர். லிட்டருக்கு உடம்பு கிடையாது. நாழிக்கு வாயும் அடியும் உண்டு. கடல் பெரிது, பாத்திரம் சிறிது என்ற காட்சிதான் அந்தப் பாட்டின் வாதம். செல்வமும் கணவனும் வாய்த்தாலும் அவரவர் விதிப்படிதான் பயன் என்று ஔவையார் தோழிக்குச் சொல்வது அந்தக் காட்சியின் பலத்தில்தான்.

புறநானூறு 189ஆம் பாட்டில் நக்கீரனாரும் நாழியை எடுக்கிறார். அங்கே அது உணவை அளக்கிறது. உலகாளும் அரசனுக்கும், இரவுபகல் உறங்காமல் வேட்டைக்கு அலையும் கல்லாதவனுக்கும் உண்ண வேண்டியது ஒரு நாழியே. ஆகவே செல்வத்தின் பயன் கொடுப்பது என்கிறார். மூதுரையின் நாழி அடங்கச் சொல்கிறது. நக்கீரனாரின் நாழி பகிரச் சொல்கிறது. இரண்டையும் லிட்டராக்கினால் இந்த முரண் கண்ணிலேயே படாது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அளவு ஒரு வாக்குறுதி. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், நாளுக்கு ஓர் உழக்கு நெய். நாலு உழக்கு ஒரு நாழி. எந்த ஊர் உழக்கு என்ற தகராறு வராமலிருக்க, இறைவன் பெயரால் ‘ஆடவல்லான்’ என்ற அளவையையும் குறித்துவைத்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு உரை எழுதுகிறவர்கள் அடிக்குறிப்பில் லிட்டர்க் கணக்கைத் தரட்டும். அதற்கு முன், நாழி ஒரு பாத்திரம் என்று எழுத வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு வாளித் தண்ணீரும் டம்ளரும் கொண்டுபோனேன். அதே சிறுமி அமுக்கி மொண்டு பார்த்தாள். பிறகு, “நாலு தரம் மொண்டா வருமே!” என்றாள். ஔவையாருக்கு அது மறுப்புதான். ஆனால் பாத்திரம் கைக்கு வந்த பிறகே அவளால் மறுக்க முடிந்தது.