வகுப்பறையை எழுதும் ஆசிரியர்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தமிழ்மொழி மூல வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பேச்சும் மலையகத்துப் பேச்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வீட்டில் ஆங்கிலம் பேசிவிட்டு வரும் பிள்ளையும் அங்கே இருக்கும். இவர்கள் எல்லோருக்கும் ஒரு பாடத்தை எப்படி விளங்க வைப்பது என்பதை வகுப்பில் நிற்பவரே நாளாந்தம் கண்டுபிடிக்கிறார். அவர் அதை எழுதாவிட்டால் அவர் ஓய்வுபெறும் நாளில் அந்த அறிவும் பாடசாலையை விட்டுப் போய்விடும். ஆசிரியர் தம் அனுபவத்தை எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

கொழும்பிலிருந்து விழுது நிறுவனம் 2004 முதல் வெளியிட்ட ‘அகவிழி’ இதற்கான தளமொன்றை அமைத்தது. ஆசிரியர்களுக்கென்றே தமிழில் வந்த அந்த இதழ் கல்விக் கொள்கையையும் கற்பித்தல் கோட்பாடுகளையும் ஆழமாகப் பேசியது. கல்வியியலாளரின் குரல் அதில் ஓங்கி ஒலித்தது. வகுப்பறை ஆசிரியரின் அன்றாடக் குறிப்பு அந்த அளவுக்கு வளரவில்லை. அந்த இடைவெளி இன்றும் இருக்கிறது.

இன்று ஆசிரியர் எழுதுபவற்றில் பெரும்பாலானவை வெற்றிக் கதைகள். பின்தங்கிய பிள்ளை, அன்பான ஆசிரியர், கடைசியில் நல்ல பெறுபேறு. படிக்க உற்சாகம் வருகிறது. ஆனால் மறுநாள் நாற்பது பிள்ளைகள் முன் நிற்பவருக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அது புனைவுதான். ஆனாலும் அதில் வரும் ஆசிரியரின் முதல் நாள் அமைதி விளையாட்டு குழம்பிப் போகிறது. அதன் பிறகே அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். எது பலிக்கவில்லை, ஏன் மாற்றினார் என்று தெரிவதால்தான் அந்த நூல் மற்ற ஆசிரியருக்குப் பயன்படுகிறது.

இரண்டாவது குறை கடுமையானது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சூழலில், பெயரை மறைத்தாலும் தகப்பனின் தொழிலையும் வீட்டுக் கஷ்டத்தையும் எழுதினால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். ஆசிரியருக்குப் புகழ் சேர்க்கும் அதே கதை, அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் அடையாளமாக ஒட்டிக்கொள்ளலாம்.

எழுதுபவருக்கும் தடைகள் உண்டு. அரச உத்தியோகத்தர் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவதைக் கட்டுப்படுத்தும் சுற்றறிக்கையை 2022 செப்ரெம்பரில் பொது நிர்வாக அமைச்சு வெளியிட்டது. இத்தகைய சூழலில் தளபாடப் பற்றாக்குறையையும், புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5 வகுப்பின் மீது ஏற்றும் சுமையையும் விட்டுவிட்டுப் பாராட்டுகளை மட்டும் எழுதுவதே பாதுகாப்பாகத் தோன்றும். அப்படி எழுதப்படும் ஊக்கம், கட்டமைப்பின் குறையை ஆசிரியரின் தனிப்பட்ட தியாகத்தால் நிரப்பச் சொல்வதாக முடிகிறது.

ஆகவே வகுப்பறை எழுத்தை ஆசிரியரின் பெருமையால் அளக்கக் கூடாது. என்ன திட்டமிட்டார், பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள், அடுத்த பாடத்தில் எதை மாற்றினார் என்ற மூன்றையும் சொல்லட்டும். பிள்ளையின் வீட்டை விட்டுவிட்டு, அது கற்ற விதத்தைச் சொல்லட்டும். வெளியிடுமுன் சக ஆசிரியர் ஒருவர் வாசித்துக் கேள்வி கேட்கட்டும். இந்த ஒழுங்குடன் எழுதப்படும் ஒரு பக்கக் குறிப்பு, பத்து வெற்றிக் கதைகளைவிட நம் பாடசாலைகளுக்கு அதிகம் உதவும்.