பிள்ளை யாருக்கு?

பெரியார் ஈ.வெ.ரா.வின் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற சிறு நூலைப் பற்றி ஆதரவாகவும் எதிராகவும் நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். பேசியவர்களில் பாதிப் பேராவது அதைப் படித்திருப்பார்கள் என்று நம்புவோம். பத்தே அத்தியாயங்கள். 'கற்பு' என்று தொடங்கி, ஆண்மை அழிய வேண்டும் என்று முடிகிறது. சண்டையெல்லாம் அந்த முதலையும் முடிவையும் பற்றித்தான். ஒன்பதாவது அத்தியாயமான 'கர்ப்பத்தடை'யை அநேகமாக யாரும் சீந்துவதில்லை. என் அபிப்பிராயத்தில் நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

'குடி அரசு' பத்திரிகையில் அவர் இந்த விஷயத்தை எழுதிய காலத்தில் கர்ப்பத்தடை ஒன்றும் புதுப் பேச்சல்ல. 1920-களின் இறுதியில் சென்னையிலேயே மால்தூசியக் கழகம் ஒன்று ஏற்பட்டிருந்தது. ஹைகோர்ட் நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். ஜனத்தொகை பெருகினால் தேசம் ஏழையாகும், ஓயாத பிரசவத்தால் தாய்மார்கள் நலிவார்கள் என்பது அவர்கள் கவலை. 1935 டிசம்பரில் அமெரிக்க மாதரசி மார்கரெட் சாங்கர் வார்தாவுக்குப் போய்க் காந்திஜியிடம் வாதாடினார். காந்திஜி கருவிகளை ஏற்கவில்லை. பிரம்மசரியமே வழி, வேண்டாத கணவனை மனைவி மறுத்து நிற்கக் கற்கட்டும் என்றார். மறுத்த பிறகு அந்த மனைவி மறுநாள் காலை யார் வீட்டுச் சோற்றைத் தின்பாள் என்பது பற்றி அங்கே பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை.

பெரியார் இந்த இரண்டு காரணங்களையும் எடுத்து ஒரு பக்கமாக வைத்துவிடுகிறார். தேசத்தின் தரித்திரத்துக்காகவும் தேக ஆரோக்கியத்துக்காகவும் மற்றவர்கள் கர்ப்பத்தடை கேட்கட்டும். நாம் கேட்பது பெண் சுதந்திரமாக இருப்பதற்காக என்கிறார். பார்ப்பதற்குச் சிறு வித்தியாசம். ஆனால் யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு காரணங்களில் முடிவு செய்கிறவர் வேறு யாரோ: சர்க்கார் அல்லது டாக்டர். மூன்றாவதில்தான் அவள் வருகிறாள். இதற்கு முந்தைய அத்தியாயம் 'சொத்துரிமை' என்பதையும் கவனிக்க வேண்டும். கையில் நாலு காசும் தலைக்கு மேல் ஒரு கூரையும் இல்லாதவளிடம் "உன் இஷ்டம்" என்று சொல்வது பரிகாசம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் செங்கல்பட்டின் பெயரைத் தாங்கிய மாவட்டத்தில்தான் நான் குடியிருக்கும் சிறுசேரியும் இருக்கிறது. ஏரிக்கு இந்தப் பக்கம் பழைய கிராமம், அந்தப் பக்கம் சிப்காட்டின் கண்ணாடிக் கட்டடங்கள். எங்கள் வீட்டு வேலைக்குத் தாழம்பூரிலிருந்து ஒரு பெண் வருகிறாள். இரண்டாவது பிரசவத்தோடு ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டாள். அப்போது இருபத்து மூன்று வயது. "உன் வீட்டுக்காரர் செய்துகொண்டிருக்கலாமே, அது இதைவிடச் சுலபமாயிற்றே?" என்று கேட்டேன்.

"அவர் பாரம் தூக்குறவராச்சேக்கா. அப்புறம் உடம்பு தாங்குமா?" என்றாள்.

சொல்லும்போது அவள் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

இது அவள் ஒருத்தி கதையல்ல. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்கள் நூறு பேரில் ஏறக்குறைய 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆபரேஷனோ ஆணுக்குத்தான் எளிது; வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஆண்களும் செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ல், வடக்கே பிடித்திழுத்துக்கொண்டு போய்ச் செய்தார்கள். அதில் சர்க்காரே கவிழ்ந்தது. அப்புறம் எந்த மந்திரி ஆண்கள் பக்கம் போவார்? பாரம் முழுவதும் பெண்கள் பக்கம் சாய்ந்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் நம் மாகாணம் முன்னணி என்று மார்தட்டுகிறோமே, அந்த வெற்றி யார் வயிற்றில் எழுதப்பட்டது என்று ஒரு மேடையிலும் சொல்வதில்லை.

படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள் கதை வேறு என்று வாசகர்கள் நினைக்கலாம். எங்கள் அடுக்குமாடியில் சிப்காட்டில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். மாதச் சம்பளம் கணவனுடையதைவிட அதிகம். இரண்டு வயதுக் குழந்தை இருக்கையில் மறுபடியும் உண்டாகிவிட்டது. வேண்டாமென்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கணவன் ஓசூரில், அவன் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று என்று திருப்பியனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும் என்பது 1971-ஆம் வருஷச் சட்டம். சட்டத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

அந்தச் சட்டமும் ஒன்பதாவது அத்தியாயத்தைப் படித்தவர்கள் எழுதியதல்ல. அது பெண்ணுக்கு உரிமை என்று கொடுக்கவில்லை; டாக்டருக்குப் பாதுகாப்பு என்று கொடுத்தது. டாக்டர் அவசியமென்று கருதினால் கலைக்கலாம். தடுப்புச் சாதனம் பலிக்கவில்லை என்ற காரணத்தைக்கூட மணமானவள்தான் சொல்லலாம் என்றிருந்தது. 2021 திருத்தம்தான் 'கணவன்' இருந்த இடத்தில் 'துணைவர்' என்று போட்டது. பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் ஒரு பெண்ணின் சொந்தச் சுதந்திரத்தைச் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட் 2009ல் சொல்லிற்று. மணமாகாதவளுக்கும் அது பொருந்தும் என்று 2022ல் சொல்லிற்று. ஈரோட்டுக்காரர் சொன்ன மூன்றாவது காரணம் டில்லிக்குப் போய்ச் சேர எண்பது வருஷம் பிடித்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பெரியார் வாதத்தின் வேகத்தில், பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்திவிட்டால்தான் என்ன என்று கேட்டுவிடுகிறார். உலகம் விருத்தியாகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்பது அவர் கேள்வி. கேள்வி கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை வேண்டுமென்று ஏங்குகிறவளுக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை. அவள் ஆசையும் அடிமைத்தனத்தின் ஒரு சேஷ்டைதான் என்று தள்ளிவிட்டால், மறுபடியும் அவளுக்காக இன்னொருவர் முடிவு செய்வதாகத்தானே ஆகிறது? நூல் முழுவதும் பெண்ணைப் பற்றிப் பேசுகிறது; பெண்ணொருத்தி தானே பேசுவது அபூர்வம். குஞ்சிதம், நீலாவதி போன்ற பெண்கள் அதே இயக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த நூலோடு அவர்களையும் சேர்த்துப் படித்தால்தான் சம்பாஷணை பூர்த்தியாகும்.

நம் கதைக்காரர்கள் இந்த விஷயத்தில் பெரியாருக்கு வெகு தூரம் பின்னால். நம் நாவல்களில் கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவாள்; மாமியார் முகம் மலரும்; அத்தியாயம் முடிந்துவிடும். சினிமாவில் மயங்கி விழுவாள், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த அத்தியாயத்தில் வளைகாப்பு. இரண்டு அத்தியாயங்களுக்கும் நடுவில் ஓர் இரவு இருந்திருக்க வேண்டும். கணவன் குறட்டை விட, அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்க வேண்டும்: லீவு எத்தனை நாள், முதல் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, வேண்டாமென்றால் யாரிடம் சொல்வது. அந்த இரவை எழுதிய தமிழ் நாவல்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்களே அதிகம்.