தடுக்கத் தெரிந்த பேரவை

கலிபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டாண்டுப் பட்டம் பெற வருபவர்கள், இங்கே தொடங்கி நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற நினைப்பவர்கள், வெல்டிங்கோ செவிலியர் பணியோ கற்க வருபவர்கள், நடுவயதில் ஆங்கிலம் படிக்க வரும் குடியேறிகள் என்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர் அவற்றில் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதே பெயரில் நடக்கும் சிறு தொழிற்பயிற்சி நிலையங்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 73 கல்லூரி மாவட்டங்கள் இவற்றை நடத்துகின்றன. ஏறக்குறைய எல்லா மாவட்டங்களிலும் உள்ளூர் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த வாரியம் ஒன்று உண்டு. வாரியத்துக்குக் கீழே தலைவர், துணைத்தலைவர்கள், டீன்கள். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு நிர்வாகத்தில் என்ன வேலை என்று கேட்டால், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மழுப்பலான பதில்தான் வரும். கலிபோர்னியாவில் விதி எண்ணைச் சொல்லிப் பதில் சொல்வார்கள்.

அந்த விதி வந்த வழி முக்கியம். இந்தக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்திலிருந்து கீழே இறங்கி வந்தவை அல்ல. உயர்நிலைப் பள்ளியிலிருந்து மேலே வளர்ந்தவை. 1907ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளே மேல்வகுப்பு நடத்த அனுமதித்தது. 1910இல் ஃப்ரெஸ்னோவில் முதல் வகுப்புகள் தொடங்கின. அதனால் தலைமையாசிரியர் சொல்ல மற்றவர்கள் கேட்கும் பள்ளிப் பழக்கம் கல்லூரிக்குள்ளும் நெடுங்காலம் தங்கிவிட்டது. 1967 வரை மாநிலப் பள்ளிக் கல்வி வாரியமே இவற்றையும் மேற்பார்த்தது. 1963இல் சட்டமன்றம் ஒரு தீர்மானத்தின் வழியே, அகாடமிக் செனட் எனப்படும் ஆசிரியர் பேரவையை ஒவ்வொரு கல்லூரியிலும் அமைக்கச் சொன்னது. பேரவைகள் வந்தன, அதிகாரம் வரவில்லை. 1975இல் ராடா சட்டம் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைக்கு வழி திறந்தது. 1978இல் 13ஆம் முன்மொழிவு சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்ததும், உள்ளூர் வரியை நம்பியிருந்த கல்லூரிகள் பணத்துக்காக மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவைப் பார்க்கத் தொடங்கின.

திருப்பம் 1988இல் வந்தது. சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கான்செலோஸ் கொண்டுவந்த ஏபி 1725 என்ற மசோதாவில் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியன் கையெழுத்திட்டார். பள்ளி ஆசிரியர்களுக்கு இருப்பதுபோன்ற பணிச்சான்று முறை ஒழிந்தது. துறை வாரியான குறைந்தபட்சத் தகுதி வந்தது. அதையொட்டி எழுதப்பட்ட விதிகளில் ஆசிரியர் பேரவைக்கு உரிய பொருள்கள் பட்டியலிடப்பட்டன. பாடத்திட்டம், பட்டத்துக்கான தேவைகள், மதிப்பெண் கொள்கை, புதிய படிப்புகளை உருவாக்குவது, மாணவர் தேர்ச்சிக்கான அளவுகோல்கள் எனத் தொடங்கி, பட்ஜெட் தயாரிக்கும் நடைமுறை வரை பத்து பொருள்கள். இருதரப்பும் ஒப்பினால் சேர்த்துக்கொள்ள இன்னொன்று. கல்லூரி வளாகங்களில் இதற்கு ‘பத்து பிளஸ் ஒன்று’ என்றே பெயர். பட்ஜெட்டைப் பொறுத்தவரை தொகையைத் தீர்மானிப்பது பேரவையின் வேலை இல்லை, அதைத் தீர்மானிக்கும் முறையை வகுப்பதில்தான் அதற்குப் பங்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு பொருளிலும் வாரியம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: பேரவையின் ஆலோசனையையே முதன்மையாகச் சார்ந்திருப்பது, அல்லது பேரவையோடு பேசி உடன்பாட்டுக்கு வருவது. முதல் வழியில், அசாதாரணமான சூழலும் வலுவான காரணமும் இருந்தால் மட்டுமே ஆலோசனையை மறுக்கலாம். இரண்டாவது வழியில் உடன்பாடு ஏற்படாவிட்டால் பழைய கொள்கையே தொடரும். சட்டச் சிக்கலோ பெரும் நிதி நெருக்கடியோ வந்தால்தான் வாரியம் தன் முடிவைத் தானே எடுக்கலாம்.

தமிழ்நாட்டில் பல்கலைக்கழகம் அனுப்பும் பாடத்திட்டத்தை வாங்கி, செமஸ்டருக்குள் ‘போர்ஷன்’ முடிக்கும் இணைப்புக் கல்லூரி ஆசிரியருக்கு இது கனவுபோல இருக்கும். கனவு பெரிதும் பலித்தும் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு புதிய பாடத்தை முன்மொழிபவர் அதை நடத்தப்போகும் ஆசிரியர். அதைப் பாடத்திட்டக் குழுவில் துருவிப் பார்ப்பவர்களும் ஆசிரியர்கள். இந்தப் பாடத்தின் கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் ஏற்குமா, இந்த முன்தகுதி உண்மையிலேயே தேவையா என்ற கேள்விகளைத் துறை அறிந்தவர்கள் கேட்கிறார்கள். எடுத்த முடிவோடு வகுப்பில் வாழப்போகிறவர்களும் அவர்கள்தான். கூட்டங்களும் மூடிய அறையில் நடப்பதில்லை. பொது அமைப்புகளின் கூட்டங்களுக்கான பிரவுன் சட்டம் பேரவைக்கும் பொருந்தும். நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும்.

இந்த உரிமை விதியாக இல்லாமல் வழக்கமாக மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலமான அரிசோனாவைப் பார்க்கலாம். பத்து கல்லூரிகள் கொண்ட மாரிக்கோபா மாவட்டத்தில், ஆசிரியர்களும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசிப் பணிக் கொள்கைகளை வகுக்கும் ஏற்பாடு நெடுநாளாக இருந்தது. 2018 பிப்ரவரியில் வாரியம் ஒரே கூட்டத்தில் வாக்கெடுத்து அதை முடித்துவைத்தது. தேர்தலில் புதியவர்கள் வந்தபின் 2019இல் வாரியம் தன் போக்கை மாற்றிக்கொண்டது. ஒரு தேர்தலில் போய் மறு தேர்தலில் திரும்பி வருவதை உரிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதியில் எழுதிவைத்த கலிபோர்னிய முறையின் பெரிய பலம் இங்கேதான் தெரிகிறது.

இனி குறைக்கு வருவோம். உடன்பாடு இல்லையென்றால் பழையதே தொடரும் என்ற விதி ஆசிரியர்களைக் காப்பதற்காக எழுதப்பட்டது. ஆனால் பழையதே தவறாக இருந்தால் அதே விதி தவறையும் சேர்த்துக் காக்கும். கணக்கிலும் ஆங்கிலத்திலும் நடந்தது அதுதான்.

முன்பெல்லாம் கல்லூரியில் சேர வருபவருக்கு ஒரு நுழைவுச் சோதனை வைப்பார்கள். மதிப்பெண் குறைந்தால் பல்கலைக்கழகத் தரப் பாடத்தை நேரடியாக எடுக்க முடியாது. பள்ளிக் கணக்கை மீண்டும் சொல்லித்தரும் அடிப்படைப் பாடங்களுக்கு அனுப்புவார்கள். அந்தப் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில படிகள் இருக்கும். அவற்றுக்குப் பட்டத்தில் மதிப்பு கிடையாது. புதிதாகச் சேர்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் இப்படித்தான் அனுப்பப்பட்டார்கள். ஒவ்வொரு படியிலும் சிலர் தோற்றார்கள். சிலர் தேறியும் அடுத்த செமஸ்டருக்கு வரவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு ஒரு செமஸ்டர் வீணானாலே பெரிய அடி. பள்ளி மதிப்பெண்ணே சோதனையைவிட நம்பகமான அளவுகோல் என்று ஆய்வுகள் சொல்லத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் பெரும்பாலான கல்லூரிகள் அசையவில்லை. முன்தகுதியும் தேர்ச்சி அளவுகோலும் பேரவையின் பட்டியலில் இருக்கும் பொருள்கள். அவற்றை மாற்ற வேண்டிய துறைகளில் அடிப்படைப் பாடங்களையே நம்பியிருந்த ஆசிரியர்களும் இருந்தார்கள்.

கடைசியில் சட்டமன்றம் புகுந்தது. 2017இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஏபி 705, மாணவர் ஓராண்டுக்குள் பல்கலைக்கழகத் தரக் கணக்கையும் ஆங்கிலத்தையும் முடிக்கும் வாய்ப்பைக் கூடியவரை உயர்த்தும் விதத்தில் அவரைச் சேர்க்க வேண்டும் என்றது. 2022இல் ஏபி 1705 அதை இன்னும் இறுக்கியது. பாடத்திட்டத்தில் அரசியல்வாதிகள் கைவைத்துவிட்டார்கள் என்று பேரவைகளில் குரல் எழுந்தது. கைவைத்தது உண்மைதான். சிலருக்கு அடிப்படைப் பாடம் உண்மையிலேயே தேவை என்ற அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் தங்கள் பட்டியலில் இருந்த ஒரு பொருளைப் பல ஆண்டுகள் தீர்க்காமல் வைத்திருந்துவிட்டு, பிறர் வந்து தீர்க்கும்போது உரிமை பேசினால் அது எடுபடாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாற்று வழியை முதலில் காட்டியவர்களும் ஆசிரியர்கள்தான். சாபோ கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த கேட்டி ஹெர்னும், லாஸ் மெடானோஸ் கல்லூரியில் கணக்கு கற்பித்த மைரா ஸ்னெலும் 2010இல் தொடங்கிய இயக்கம் பல கல்லூரிகளின் ஆசிரியர்களைப் பழக்கி, படிகளைக் குறைத்துக் காட்டியது. சட்டம் எழுதியவர்களுக்கு அவர்கள் அனுபவம் கைகொடுத்தது. ஆக, ஆசிரியர்களுக்கு யோசனை இல்லாமல் போகவில்லை. பத்து பேர் கண்டுபிடித்ததை எல்லோருக்கும் கொண்டுபோகும் வழி பேரவை என்ற அமைப்பில் இல்லை. தனக்குப் பிடிக்காததை நிறுத்தும் வழி மட்டும் நன்றாகவே இருந்தது.

சான்ஃபிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியின் கதையை ஆசிரியர் நிர்வாகத்தின் எதிரிகளும் ஆதரவாளர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். 80,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்த இந்தக் கல்லூரியிடம், உங்கள் அங்கீகாரத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று 2012 ஜூலையில் மேற்கு மாநிலங்களின் அங்கீகார ஆணையம் விளக்கம் கேட்டது. கற்பித்தலின் தரத்தை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. நிதிக் கையிருப்பு போதாது, நிர்வாகிகள் குறைவு, யார் எதை முடிவு செய்கிறார்கள் என்பதே தெரியாத அளவுக்கு நிர்வாக அமைப்பு சிக்கலாக இருக்கிறது என்பவையே குற்றச்சாட்டுகள். கடைசிக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. துறைத்தலைவர்களுக்கென்றே தனித் தொழிற்சங்கம் இருந்த கல்லூரி அது. மாநில நிதி வெட்டப்பட்ட ஆண்டுகளில், எந்தப் படிப்பை விடுவது என்ற கசப்பான முடிவைக் குழுவுக்குக் குழு அனுப்பிக்கொண்டிருக்க முடிந்தது.

ஆனால் அந்த நோய்க்குத் தந்த மருந்தைப் பாருங்கள். 2013 ஜூலையில் அங்கீகாரத்தை ரத்து செய்வதாக ஆணையம் அறிவித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்தின் அதிகாரத்தைப் பறித்து மாநிலம் ஒரு தனி அதிகாரியை அமர்த்தியது. மாணவர் எண்ணிக்கை சரிந்தது. ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. நகர வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா வழக்குத் தொடுத்தார். ஆணையம் சட்டத்தை மீறியது என்று நீதிபதி கர்ட்டிஸ் கார்னோ 2015 ஜனவரியில் தீர்ப்பளித்தார். கல்லூரியை ஆராய வந்த குழுவில் ஆசிரியர்களுக்குப் போதிய இடம் தரவில்லை என்று கூட்டரசின் கல்வித்துறை அதற்கு முன்பே ஆணையத்தைக் கண்டித்திருந்தது. ஆசிரியர்கள் நிர்வாகத்தில் அதிகம் தலையிடுகிறார்கள் என்ற தொனியில் ஓர் அறிக்கை, அதுவும் ஆசிரியர்கள் போதிய அளவில் இல்லாத குழுவிடமிருந்து! 2017 ஜனவரியில் கல்லூரிக்கு ஏழாண்டு அங்கீகாரம் உறுதியானது. சிக்கலான குழுக்கள் கல்லூரியைத் தாமதப்படுத்தின என்பதை ஏற்கிறேன். கல்லூரியை மூடும் விளிம்புவரை தள்ளியது குழுக்கள் அல்ல.

இதுவரை ‘ஆசிரியர்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவந்தேன். அந்தச் சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதான் இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை. சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் தலையெண்ணினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேரத்தினர். நம் அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். ஒரு மாவட்டத்தில் முழுநேரப் பணிச்சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் அவர்களுக்குத் தரக்கூடாது என்பது சட்டம். அதனால் இரண்டு மூன்று மாவட்டங்களில் பாடம் எடுத்து, நெடுஞ்சாலையிலேயே நாளைக் கழிக்கிறார்கள். கிரெடிட் வகுப்புகளில் 75 சதவீதத்தை முழுநேர ஆசிரியர்கள் எடுக்க வேண்டும் என்ற இலக்கையும் 1988ஆம் ஆண்டின் அதே சட்டம்தான் வைத்தது. பேரவையின் பட்டியல் விதியாகி நிலைத்துவிட்டது. 75 சதவீதத்தை மாநிலம் ஒருமுறைகூட எட்டவில்லை.

விளைவு வெளிப்படை. முழுநேர ஆசிரியருக்குக் குழுப்பணி அவருடைய வேலையின் பகுதி. பேரவைத் தலைவருக்கு வகுப்புச் சுமையும் குறைகிறது. பகுதிநேர ஆசிரியர் பிற்பகல் மூன்று மணிக் கூட்டத்துக்கு வந்தால், பல இடங்களில் அந்த நேரத்துக்குச் சம்பளமே இல்லை. அதற்குள் அவர் அடுத்த கல்லூரிக்குக் கிளம்பியாக வேண்டும். சில பேரவைகள் அவர்களுக்கென்று ஓரிரு இடங்களை ஒதுக்கி, சிறு படியும் தருகின்றன. அது மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தரும் பிரதிநிதித்துவம் ஆகாது. அடுத்த செமஸ்டருக்கு வகுப்பு கிடைக்குமா என்பது துறைத்தலைவரின் கையில் இருக்கும்போது, அவர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அவரை மறுத்து யார் பேசுவார்? கல்லூரித் தலைவரின் எதேச்சாதிகாரத்துக்கு எதிராக எழுந்த பேரவை, தன் சகாக்களில் பெரும்பான்மையினருக்கு இன்னொரு மேலிடமாகத் தெரிகிறது.

ஆனாலும் பேரவையைக் கலைத்துவிட்டு அதிகாரத்தை டீன்களிடம் தரலாம் என்ற யோசனை எனக்கு ஏற்புடையதல்ல. மாரிக்கோபாவும் சான்ஃபிரான்சிஸ்கோவும் அந்தப் பாதையின் முடிவைக் காட்டிவிட்டன. திருத்த வேண்டியவை இரண்டு. உடன்பாடு எட்டாத பொருளுக்கு ஒரு கால எல்லை வேண்டும்; அதற்குள் பேரவை தன் மாற்றுத் திட்டத்தை எழுத்தில் வைக்காவிட்டால் பழையது தானாகத் தொடரக்கூடாது. இரண்டாவதாக, பகுதிநேர ஆசிரியருக்குப் பேரவையில் எண்ணிக்கைக்கு ஏற்ற இடமும், கூட்ட நேரத்துக்குச் சம்பளமும் வேண்டும். முதல் திருத்தத்தைப் பேரவைகள் எதிர்க்கும். இரண்டாவதைப் பணத்தைக் காட்டி வாரியங்கள் எதிர்க்கும். இரண்டாவதில் பேரவைகள் தாமாகச் செய்யக்கூடிய பகுதியும் இருக்கிறது. பகுதிநேரத்தினருக்கு எத்தனை இடம் என்பது பெரும்பாலும் பேரவையின் சொந்த விதியிலேயே இருக்கிறது. அதைத் திருத்த வாரியத்தின் கையெழுத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு மாநில பட்ஜெட்டில் பகுதிநேர ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கென ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அது தொழிற்சங்கங்கள் சாக்ரமென்டோவில் பேசிப் பெற்றது. சம்பளமும் சலுகையும் ‘பத்து பிளஸ் ஒன்று’ பட்டியலில் இல்லை என்று பேரவைகள் சொல்வது விதிப்படி சரி. தங்கள் நாற்காலிகளை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு அந்த விதியைக் காட்ட முடியாது.