தெரிந்தபின் என்ன?

கருவிலுள்ள பிள்ளைக்கு மரபணுக் குறை உண்டா என்று சோதித்துப் பார்க்கலாம் என்றால், "பாத்துத் தெரிஞ்சா அப்புறம் என்ன செய்றது?" என்று மாத்தளைத் தோட்டத்துத் தாய் ஒருத்தி திருப்பிக் கேட்கக்கூடும். அதை அறியாமை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. பிள்ளை பிழைக்காது என்று உறுதியானாலும் விலக்கில்லை. 1995இல் இதைத் தளர்த்த எடுத்த முயற்சி கைவிடப்பட்டது. இந்தியாவிலோ 2021 திருத்தத்தின்படி, கடும் குறை என மருத்துவக் குழு முடிவுசெய்தால் 24 வாரங்களுக்குப் பிறகும் கருவைக் கலைக்கலாம். அங்கே முடிவெடுக்க உதவும் அதே சோதனை, இங்கே பல தாய்மாருக்கு மாதக்கணக்கில் சுமக்கும் பயமாகிவிடுகிறது.

ஆனாலும் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதயக் கோளாறு முன்கூட்டியே தெரிந்தால், வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். டவுன் நோய்க்குறியென்றால் பெற்றோர் மனத்தைத் தயார்ப்படுத்தலாம். ஆனால் தாயின் இரத்தத்தில் செய்யும் சோதனை சாத்தியத்தை மட்டுமே காட்டும். உறுதிப்படுத்தப் பனிக்குட நீரை எடுக்க வேண்டும், அதில் கரு கலையும் அபாயம் சிறிதளவு உண்டு. இதைத் தாய்க்கு அவள் மொழியில் விளக்காமல் வாங்கும் கையொப்பம் சம்மதமாகாது.

மாத்தளைக்கு இவற்றைவிட நெருக்கமான விஷயம் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். அயல் மாவட்டமான குருநாகலில் அதற்கென்றே சிகிச்சை நிலையம் உண்டு. தாயும் தகப்பனும் காவிகளானால், அதாவது நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் சில வாரங்களுக்கொருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், உடலில் சேரும் இரும்பையும் மருந்தால் வெளியேற்ற வேண்டும். சைப்பிரஸ் இத்தகைய பிறப்புகளை ஏறத்தாழ ஒழித்தது. ஆனால் அங்கே கருவில் கண்டறிந்தபின் கலைக்கவும் வழி இருந்தது. அந்த வழி இல்லாத இலங்கை, கல்யாணத்துக்கு முன் சோதிப்பதையே நம்புகிறது.

கொள்கையாக இது சரியானது. நடைமுறையில்தான் சிக்கல். அத்தை மகன், மாமன் மகள் என்று சிறுவயதிலேயே பேசிவைத்த குடும்பத்தில் இரத்தச் சோதனை கேட்பது சம்பந்தத்தையே சந்தேகிப்பதாகிவிடும். நெருங்கிய உறவில் இருவரும் ஒரே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சோதனை மிகவும் தேவைப்படுவதும் அங்கேதான். முடிவு பாதகமானால் பழி பெரும்பாலும் பெண் தலையில்தான் விழும், மாப்பிள்ளையும் காவியாக இருந்தாலும்.

இன்னொரு சிக்கல் இரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைவிலும் தலசீமியாக் காவிகளிடமும் சிவப்பணு சிறுத்தே தெரியும். வெளிறிய முகத்தோடு கிளினிக்குக்கு வருபவளுக்கு இரும்பு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால் காவி என்பது மறைந்தே போகும். மாத்திரைக்குப் பிறகும் அணு சிறுத்தே இருந்தால், அவள் காவியா என்று சோதித்து, காவியென்றால் கணவனின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும். அதற்காக அவன் மாத்தளை நகருக்கு வந்தால் ஒருநாள் சம்பளம் போகும். கருவைச் சோதிக்கும் புதிய கருவிகளுக்கு முன்னால், அந்த ஆணின் இரத்தத்தைத் தோட்டத்திலேயே எடுக்கவும், முடிவைத் தமிழில் இருவருக்கும் சேர்த்து விளக்கவும் சுகாதாரத் திணைக்களம் ஏற்பாடு செய்ய வேண்டும்.