மச்சான் மேல் உட்கார்ந்த துரை

கென்னத் ஆண்டர்சனை முதன்முதலாகப் படித்தபோது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். கதையில் துரை ராத்திரி முழுக்க 'மச்சான்' மேல் உட்கார்ந்து புலிக்குக் காத்திருக்கிறார். அறைத்தோழனிடம் அதைத் தமிழில் சொன்னேன். "யார்ரா அந்த மச்சான்? பாவம், விடிய விடிய தூக்கிக்கிட்டு நின்னாரா?" என்றான். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அது இந்திச் சொல், நம்ம ஊரில் பரண் என்போமே அதுதான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த அசட்டு ஜோக் மட்டும் மண்டையை விட்டுப் போகவே இல்லை. வேட்டை இலக்கியத்தைப் படிக்கப் படிக்க, அதில் ஏதோ விஷயம் இருப்பதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. பரணைக் கட்டியவன், கன்றுக்குட்டியை இழுத்து வந்து மரத்தடியில் கட்டியவன், தண்ணிக்குடத்தைச் சுமந்தவன் என்று ஒரு மச்சான் அங்கே நிஜமாகவே இருந்தானே. அவனைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

தெரியாதவர்களுக்காக: ஆண்டர்சன் 1910இல் பிறந்தவர், 1974இல் இறந்தார். பெங்களூர்வாசி. அவருடைய முதல் புத்தகம் 1954இல் லண்டனில் வந்தது. தலைப்பிலேயே ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மதம்பிடித்த யானையும் இருக்கும். அதைத் திறந்தால் நமக்குத் தெரிந்த பஸ் ரூட்டாகவே இருக்கிறது. பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாறு, முண்டச்சிப்பள்ளம். கொஞ்சம் வடக்கே போனால் ஜவளகிரி, கும்மளாபுரம். அவர் இதையெல்லாம் சேலம் மாவட்டம் என்று எழுதுவார். எழுதிய காலத்தில் அது சரிதான். தர்மபுரி மாவட்டம் 1965இல்தான் பிறந்தது. ஜவளகிரிப் பக்கம் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போய்விட்டது.

வேட்டைக் கதை என்றால் பலரும் துப்பாக்கி வெடிக்கும் இடத்தைத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். வெடிக்கும் இடம் எல்லாக் கதையிலும் ஒன்றுதான். சத்தம், புகை, பாய்ச்சல், அமைதி. வேட்டைக் கதையின் உயிர், முகாமில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேசுகிற பேச்சில் இருக்கிறது. யார் கதை விடுகிறான், யார் அதை நம்புகிறான், யாரை வைத்து யார் சிரிக்கிறான். அங்கே கவனித்தால் எழுத்தாளன் தானாகவே பிடிபட்டுவிடுவான்.

ஆப்பிரிக்காவில் இருந்து ஓர் உதாரணம் தருகிறேன். சஃபாரி என்கிற ஸ்வாஹிலிச் சொல்லுக்குப் பயணம் என்றுதான் அர்த்தம். வெள்ளைக்காரர்கள் போனபிறகு அது வேட்டை என்றாகிவிட்டது. 1933 கடைசியில் ஹெமிங்வே மனைவியோடும் ஒரு நண்பரோடும் அன்றைய டாங்கனிக்காவுக்குப் போனார். அந்த அனுபவத்தை 1935இல் 'ஆப்பிரிக்காவின் பச்சைக் குன்றுகள்' என்ற பொருள் வரும் தலைப்பில் வெளியிட்டார். முழுக்க உண்மையை மட்டும் எழுதிப் பார்க்கிறேன் என்ற முன்னுரையோடு ஆரம்பிக்கும் புத்தகம் அது. ஆனால் அதில் நடக்கும் பெரிய நாடகம் என்ன தெரியுமா? கார்ல் என்று வருகிற நண்பன் சுடும் மிருகத்துக்கெல்லாம் கொம்பு பெரிசாக இருக்கிறது! கடைசியில் ஹெமிங்வே அருமையான குடு மான்களைச் சுட்டுவிட்டுக் குதூகலமாக முகாமுக்குத் திரும்புகிறார். அங்கே கார்ல் அதைவிடப் பெரிய கொம்போடு உட்கார்ந்திருக்கிறார். வாழ்த்துச் சொல்ல வாய் வருகிறது, வயிறு எரிகிறது. இதை மறைக்காமல் எழுதியதற்காகவே அந்தப் புத்தகத்தை நான் மதிக்கிறேன். நண்பர்களுக்குள் ஓடும் கிண்டலுக்கு அடியில் இருக்கும் பொறாமையை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேட்டைப் புத்தகம் வேறு எனக்குத் தெரியாது.

ஆனால் அதே முகாமில் தடம் பார்த்துக் கூட்டிப்போகும் உள்ளூர் ஆட்களும் இருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு ஹெமிங்வே 'காரிக்' என்று பட்டப்பெயர் வைக்கிறார். பழைய ஆங்கில மேடை நடிகர் ஒருவருடைய பெயர் அது. ஆள் ரொம்பப் பாவனை பண்ணுகிறான் என்ற கிண்டல். படிக்கும்போது சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் புத்தகத்தை மூடின பிறகு அந்த மனிதனின் சொந்தப் பெயர் ஞாபகத்தில் நிற்காது, பட்டப்பெயர்தான் நிற்கும். அந்த ஆள் ராத்திரி தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஹெமிங்வேக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருப்பான்? அது நமக்குக் கிடைக்கவே கிடைக்காது.

இந்தக் கேள்வியோடு பென்னாகரத்துக்கு வருவோம்.

ஆண்டர்சனின் கதைகளில் திரும்பத் திரும்ப இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் பைரா, காட்டிலேயே வாழ்கிறவர். இன்னொருவர் ரங்கா, பென்னாகரத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். இரண்டு பேருக்குமே திருட்டு வேட்டைப் பழக்கம் உண்டு. ஆண்டர்சன் இதை ஒளிக்கவில்லை. அதற்காக அவர்களை மட்டமாகவும் எழுதவில்லை. முதல் புத்தகத்தில் ஒரு அத்தியாயத்துக்குத் தலைப்பே பைராவின் பெயர்தான். புலியின் பெயரிலும் ஊரின் பெயரிலும் அத்தியாயம் வைக்கிற ஒரு வகை எழுத்தில் இது சின்ன விஷயம் இல்லை. காட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இவர்களிடம் கற்றது என்பதையும் அவர் மறைப்பதில்லை. பயந்த இடத்தில் பயந்தேன் என்கிறார், குறி தப்பிய இடத்தில் தப்பியது என்கிறார். தன்னைப் பார்த்தே சிரிக்கத் தெரிந்தவர்.

சரி, அப்புறம் என்ன குறை?

குறை நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் இருக்கிற கோட்டில் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டம் வந்தபிறகு காட்டில் ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வந்துவிட்டது. லைசென்ஸ் வைத்திருப்பவர் சுட்டால் அது வேட்டை. இல்லாதவன் சுட்டால் திருட்டு. ஒருவருக்கு அது விளையாட்டு, அடுத்தவனுக்கு ராத்திரிச் சோறு. துரையும் பைராவும் நண்பர்கள்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஃபாரஸ்ட் கார்டு வந்து நின்றால் இருவரில் யார் கைக்கு விலங்கு என்பது இருவருக்குமே தெரியும். அந்த நிலையில் துரை பைராவைக் கிண்டல் பண்ணலாம். பைரா துரையைக் கிண்டல் பண்ணுவது அத்தனை சுலபமில்லை. நேருக்கு நேர் என்றால் 'துரை, துரை' என்கிற மரியாதைதான். முதுகுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்பதை எழுதும் இடத்தில் துரை மட்டும்தான் இருந்தார்.

போன வருஷம் பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். எண்பது தாண்டியவர். பெயர் வேண்டாம். இளவட்டமாக இருந்தபோது, வெளியூரிலிருந்து துப்பாக்கியோடு ஜீப்பில் வரும் கோஷ்டிகளுக்குக் காடு கலைக்கப் போனவர். அதாவது வரிசையாக நின்று, தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டு, மிருகத்தைத் துப்பாக்கி இருக்கிற பக்கம் ஓட்டிவிடுகிற வேலை. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம்.

"புலி எங்கப்பா இருந்துச்சு அப்ப? எப்பவாச்சும் ஒண்ணு வரும். வந்தவங்களுக்குப் புலிதான் வேணும். கழுதைப்புலித் தடத்தக் காட்டி, 'சாமி, நேத்து ராத்திரிதான் இப்படிப் போயிருக்குது'ன்னு சொல்லுவோம். ரெண்டு நாள் கூலி சேத்துக் கெடைக்கும்."

"தடத்தப் பாத்தா தெரியாதா? அதுல நகம் பதிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சவன் பாத்தா தெரியும். வந்தவனுக்கு என்ன தெரியும்? நகத்தடத்தக் கட்ட வெரலால அழிச்சு விட்டுருவோம்ல."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எந்த வேட்டைப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத சிரிப்பு அது. இது முதுகுக்குப் பின்னால் நடந்த ஜோக். சொன்னவன் கூலி, முட்டாளானவன் துப்பாக்கிக்காரன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே இன்னொன்று சொன்னார். அப்படிக் காடு கலைத்த ஒரு நாளில் புதரிலிருந்து கரடி எழுந்து அவருடைய அண்ணன் மேல் விழுந்தது. முகம் பாதி போய்விட்டது. ஜீப்பில் வந்தவர்கள் கையில் இருந்த பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் ரெண்டு வருஷம் இருந்தார், வெளியே தலைகாட்டாமல்.

"அவங்க ஊருக்குப் போயி இந்தக் கரடிக் கதைய எப்படிச் சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கிளப்பிலோ வீட்டு மொட்டைமாடியிலோ நண்பர்கள் நடுவில் அது 'நாங்கள் கரடியிடமிருந்து தப்பிய கதை' ஆகியிருக்கும். அண்ணன் அதில் 'எங்களோடு வந்த ஒரு ஆள்'.

எனக்கு என்ன தோணுதுன்னா, இது ஆண்டர்சன் என்ற தனிமனிதரின் குறை இல்லை, அந்த வடிவத்தின் குறை. வேட்டைக் கதையைச் சொல்பவன் எப்போதும் பிழைத்தவன். புலிக்கும் அதில் வாய் இல்லை, செத்தவனுக்கும் வாய் இல்லை. கூட வந்தவனுக்கு வாய் இருந்தும் எழுத்து இல்லை. முடிவு நல்லபடியாக முடிந்தது என்பது சொல்பவன் உட்கார்ந்திருப்பதிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் அதில் சிரிப்புக்கு இவ்வளவு இடம்.

இதற்கு நேர் எதிரான ஒரு வடிவம் இதே மண்ணில் இருக்கிறது. தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் வரிசையாக நடுகற்கள். பெரும்பாலும் ஆநிரை மீட்கும் சண்டையில் விழுந்தவர்களுக்கு வைத்தவை. இந்த வட்டாரத்திலும் கொங்குப் பக்கத்திலும் புலியோடு போராடிச் செத்தவர்களுக்கு வைத்த கற்கள் உண்டு, புலிக்குத்திப்பட்டான் கல் என்பார்கள். புலி பாய்ந்து நிற்கும், மனிதன் அதன் உடம்பில் ஆயுதத்தைச் செருகி நிற்பான். இங்கே கதாநாயகன் பிழைத்தவன் இல்லை, பட்டவன். சொல்வது அவன் இல்லை, ஊர். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. விழுந்த வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. எஜமான் செத்த பிறகும் திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயரும் கல்லில் இருக்கிறது: கோவிவன். ஒரு நாயின் பெயரை நாம் ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேலாக வைத்திருக்கிறோம். 1960களில் கரடி கிழித்த ஒரு மனுஷனின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இதை வைத்து நடுகல் உயர்ந்தது, வேட்டைக் கதை மட்டம் என்று தீர்ப்பு எழுத மாட்டேன். கல்லில் சிரிப்பு இல்லை. வீரனுக்குக் கை நடுங்கியதா, அவன் ஓடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தானா என்று கல் சொல்லாது. ஆண்டர்சன் சொல்வார். ஜவளகிரிக் கதையின் கடைசியில் ஆண்புலி கூப்பிடுவது போலத் தானே குரல் கொடுத்துப் பெண்புலியை வரவழைக்கிறார். கதை சொல்லத் தெரிந்தவர் அதை வெற்றியாக முடிப்பார். நல்ல கதை சொல்லிக்கு அங்கே ஒரு உறுத்தல் இருக்கும். துணையைத் தேடி வந்ததை அல்லவா சுட்டோம் என்கிற உறுத்தல். அந்தப் பக்கங்களைப் படிக்கும் எவரும் அதை உணராமல் இருக்க முடியாது. மிருகம் ஆட்கொல்லியானதற்குப் பின்னால் பல நேரம் மனிதன் உண்டாக்கிய காயம் இருக்கிறது என்று கார்பெட் போலவே இவரும் எழுதினார்.

இப்போது அந்த முகாம் நெருப்பு அணைந்துவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு லைசென்ஸ் துரையும் இல்லை. அது நல்லதுக்குத்தான். 2014இல் இந்தக் காடுகளில் காவிரி வடக்கு வனஉயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 2022இல் காவிரி தெற்கு. ஆனால் சுருக்கு வைப்பவனும் நாட்டுத் துப்பாக்கி ஒளித்து வைத்திருப்பவனும் முழுசாகப் போய்விடவில்லை. பழைய கதைகளின் இடத்தை வீரப்பன் கதைகள் பிடித்துக்கொண்டன. அவன் 2004இல் சுடப்பட்டதும் இதே பாப்பாரப்பட்டிப் பக்கம்தான். அதிலும் சொல்பவர்கள் போலீஸ், பத்திரிகை, சினிமா. காட்டு ஓரத்துச் சனங்கள் மறுபடியும் 'கூட இருந்த ஆள்'தான்.

நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். ஆண்டர்சனைப் படிக்கிறவர்கள், அவர் போன இடத்துக்கு பைக்கில் போய் போட்டோ எடுப்பதோடு நிறுத்தாமல், அந்த ஊர்த் திண்ணையில் அரைநாள் உட்காருங்கள். காடு கலைத்தவர்களில் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்கள் விடுகிற ரீலையும் ரீலாகவே எழுதி வையுங்கள்.

கிளம்பும் முன் அந்தப் பெரியவருக்கு ஆண்டர்சன் கதை ஒன்றைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். துரை பயந்து வியர்த்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பயந்தேன்னு அவரே எழுதியிருக்காரா?"

"ஆமாங்க."

"அப்ப நெசமாத்தான் இருக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூட எங்காளுங்க யாரு இருந்தாங்கன்னு போட்டிருக்கானா?" என்றார்.

பைரா பெயரையும் ரங்கா பெயரையும் சொன்னேன். இரண்டையும் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.