கோழி வளர்த்தவன் கை

ஜப்பானிய மடிப்புத் திரை என்றாலே கொக்குதான் நினைவுக்கு வரும். பொன் தாள் ஒட்டிய ஆறு மடிப்புகள், அதில் வரிசையாக நடக்கும் நாரைகள், ஓரத்தில் ஒரு பைன் மரம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நாமக்கல் பக்கத்துக்காரனிடம் கொக்கைக் காட்டினால் "சரிங்க" என்று நகர்ந்துவிடுவான். கோழியைக் காட்டுங்கள், கிட்டே வந்து கால்விரல் வரைக்கும் குனிந்து பார்ப்பான். அப்படிக் குனிந்தவன்தான் நான். இட்டோ ஜக்குச்சூவைப் பார்த்ததிலிருந்து வேறு ஓவியர் பெயரே வாயில் வருவதில்லை.

கியோத்தோவின் நிஷிகி சந்தையில் காய்கறி மண்டி வைத்திருந்தவரின் மூத்த மகன். பிறந்தது 1716. வயது நாற்பது ஆனதும் மண்டியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு முழுநேரமும் தூரிகையோடு உட்கார்ந்துவிட்டார். அக்கால ஓவியர்கள் சீனத்துப் படங்களைப் பார்த்துப் பறவை வரைந்து பழகுவார்கள். ஜக்குச்சூவும் அப்படித்தான் பழகினார். அது போதாதென்று வீட்டு முற்றத்தில் கோழிகளை வாங்கி விட்டார். ஒன்றிரண்டல்ல, டஜன் கணக்கில்! மேய்வதை, சண்டையிடுவதை, இறகு கோதுவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்.

ஒசாகாவில் வேலை பார்க்கும் மச்சான் வீட்டுக்குப் போனபோது, பக்கத்து டொயொனாகா ஊரிலிருக்கும் சைஃபுகுஜி கோயிலுக்கு அடம்பிடித்துப் போனேன். அங்கே ஜக்குச்சூ தம் எழுபதுகளில் வரைந்த 'கள்ளியும் கோழிக்கூட்டமும்' இருக்கிறது. வழக்கமாக ஆண்டுக்கு ஒரே நாள், நவம்பர் 3 அன்று, காற்றாடத் திறந்து வைக்கிறார்கள். மழை வந்தால் அதுவும் கிடையாது. என் அதிர்ஷ்டம், வானம் பளிச்சென்று இருந்தது. இது மடிப்புத் திரையல்ல, தள்ளிச் சாத்தும் கதவுகள். ஆனால் அதே ஆறு பலகை, அதே பொன் தாள். மரமும் மலையும் மேகமும் எதுவும் கிடையாது. இரண்டு ஓரத்திலும் கள்ளி, நடுவில் சேவலும் பெட்டையும் குஞ்சும்.

கள்ளியும் கோழியும்! இது எங்கள் மேட்டாங்காட்டு வேலியோரம்தானே? அந்தப் பொன் நிறம் எனக்குச் சித்திரை மாத உச்சி வெயிலாகவே தெரிந்தது. இருண்ட கூடத்தில் விளக்கு வெளிச்சத்தை ஏந்திக் காட்டத்தான் பொன் தாள் ஒட்டினார்கள் என்கிறார்கள். இருக்கட்டும். அந்த வெயிலில் வால் இறகுகள் கறுப்பு வில்லாக வளைந்து இறங்குவதைப் பார்த்து மச்சான் கையை நான் கிள்ளிவிட்டேன். 1788இல் கியோத்தோவை அழித்த பெருந்தீயில் வீட்டைப் பறிகொடுத்த கிழவரின் கை இது. எங்காவது ஒரு கோடு நடுங்க வேண்டுமே? தேடினேன், கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அப்புச்சியிடம் இன்னொரு படத்தைக் காட்டினேன். அந்தக் காலத்தில் சேவக்கட்டுக்குச் சேவல் வளர்த்தவர். காகம், கீரி, மயில், நூலான் என்று நிறம் பார்த்தே குணம் சொல்வார். முப்பது பட்டு ஓவியங்கள் கொண்ட ஜக்குச்சூவின் பெருவரிசையில் ஒன்று அது: பதின்மூன்று சேவல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்தபடி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை நெருக்கிப் பிடித்தார். "வளர்த்தவன் கண்ணு இவன். செதில் செதிலாக் காலைப் போட்டிருக்கான் பாரு." அதே வரிசையில், சிவந்த காய்க்கொத்துகளுக்கு நடுவே நிற்கும் கறுப்புச் சேவலையும் காட்டினேன். சாமோ இனம், சயாம் வழியாக ஜப்பானுக்குப் போன சண்டைச் சேவல் என்றேன். "நம்ம அசில் சாதிதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கலை வரலாற்று நூல்களில் இவ்வளவு திருப்தியான விமர்சனம் நான் படித்ததில்லை.

எனக்குப் புல்லரித்த இடம் வேறு. இந்தப் படங்களின் வெள்ளை இறகுகளுக்கு ஜப்பானியர் சேர்ப்பது சிப்பி ஓட்டுப் பொடி. முட்டை ஓடு கெட்டியாக எங்கள் பண்ணைகளில் தீவனத்தோடு கலப்பதும் கிளிஞ்சல்தான்! இங்கே கோழிக்குள் போகிற பொருள் அங்கே கோழியின் மேல் பூசப்படுகிறது. பட்டின் பின்பக்கமும் வண்ணம் கொடுத்து முன்பக்க வெள்ளையை மினுக்க வைப்பது அவர் வேலைப்பாட்டின் உச்சம். ஒரு வெண் பறவையின் பொன் பளபளப்பில் பொன்னே இல்லை, பின்னால் காவி மண் பூசிய வித்தை என்று பிற்காலத்தில் பழுதுபார்த்தபோது கண்டுபிடித்தார்கள்.

மடிப்புத் திரைக்கே வருகிறேன். ஜக்குச்சூ பெயரில் ஒரு ஜோடித் திரை இருக்கிறது. ஒன்றில் வெள்ளை யானை நடுவே விலங்குகள், மற்றதில் பறவைகள். முழுப் பரப்பும் சென்டிமீட்டர் அளவுக் கட்டங்கள், சுமார் 86,000. ஒவ்வொன்றையும் தனித்தனியே வண்ணம் தீட்டி நிரப்பியிருக்கிறார்கள். நெசவுக்குக் கட்டம் போட்டு டிசைன் வரையும் முறையிலிருந்து இந்த யோசனை வந்திருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு. அது அவர் கைப்பட வரைந்ததுதானா என்று அறிஞர்களுக்குள் பெரிய சண்டையும் நடக்கிறது. நடக்கட்டும், நான் யானைக்கும் கோழிக்கும் இடையில் பார்வையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இளம்பிள்ளையில் சேலைக்கு டிசைன் போடும் கூட்டாளிக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "டேய், இதுக்கு ஒரு வருசம் அட்டையே அடிக்கணும்டா!" கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போன் வந்தது. பார்டருக்குச் சேவலை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறான்.